முடக்குவாத நோயாளியின் காலில் ஐந்து மாதமாக ஆறாத புண்: பயாப்ஸி எடுக்கலாமா, ஸ்டீராய்டைக் கூட்டலாமா?

கேள்வி: மருதம் (பொது மருத்துவம்)

வணக்கம். தோல், வாதநோய்ப் பிரிவுகளில் இருப்பவர்களின் கருத்து வேண்டும்.

நோயாளி 56 வயதுப் பெண், எடை 52 கிலோ. 14 வருடமாக முடக்குவாதம். ஆர்.எஃப்., ஆன்டி சி.சி.பி. (முடக்குவாதத்தைக் காட்டும் ரத்த ஆன்டிபாடிகள்) இரண்டுமே அதிக அளவில் பாசிட்டிவ். மெத்தோட்ரெக்ஸேட் வாரம் 15 மி.கி., லெஃப்ளூனமைடு தினம் 20 மி.கி., பிரெட்னிசோலோன் 5 மி.கி. எடுத்துக்கொள்கிறார். சர்க்கரை இல்லை, புகைப்பழக்கம் இல்லை.

இடது காலில் கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்பக்கத்தில் ஒரு சீழ்க்கொப்புளமாக ஆரம்பித்து, மூன்று நான்கு நாளில் உடைந்து புண்ணானது. ஐந்து மாதமாகிறது. ஸ்வாப் கல்ச்சரில் சூடோமோனாஸ் வந்ததால் இரண்டு முறை சிப்ரோஃப்ளாக்சசின் கொடுக்கப்பட்டது, பலனில்லை. அறுவைப் பிரிவில் டிப்ரைட்மென்ட் (செத்த திசுவை வெட்டி அகற்றுதல்) செய்தார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் புண் இரு மடங்கு ஆகிவிட்டது. இப்போது 6 × 4 செ.மீ. ஓரம் ஊதா நிறத்தில் இருக்கிறது, புரோப் வைத்தால் ஓரத்துக்கு அடியில் அரை சென்டிமீட்டர் உள்ளே போகிறது. அடியில் மஞ்சள் படலம். வலி மிகக் கடுமை, தூங்க முடியவில்லை என்கிறார். காய்ச்சல் இல்லை. ஹீமோகுளோபின் 9.4, சி.ஆர்.பி. (அழற்சியின் அளவு) 48, அல்புமின் 2.9. பாதத்தில் நாடி தெரிகிறது.

என் சந்தேகங்கள்: இது பயோடெர்மா கேங்கிரினோசமா (பி.ஜி.: தொற்று இல்லாமல் அழற்சியாலேயே பரவும் தோல் புண்), முடக்குவாத ரத்தக்குழாய் அழற்சியா? பி.ஜி. என்றால் பயாப்ஸி எடுத்தால் இன்னும் பரவும் என்கிறார்கள், எடுக்கலாமா? சூடோமோனாஸ் இருக்கும்போது ஸ்டீராய்டைக் கூட்டுவது சரியா? அதுவரை புண்ணில் என்ன போடுவது?

---

பதில் 1: குறிஞ்சி (தோல் மருத்துவம்)

நீங்கள் எழுதியதில் மூன்று விஷயங்கள் பி.ஜி. பக்கம் பலமாக இழுக்கின்றன. சீழ்க்கொப்புளம் நான்கு நாளுக்குள் புண்ணாக மாறியது. ஊதா ஓரம், அடியில் குடைவு, தாங்க முடியாத வலி. கத்தி பட்டதும் பெருத்தது. கடைசியாகச் சொன்னதுதான் பேதர்ஜி, அதாவது காயம் பட்ட இடத்தில் நோய் பெருகுவது. ஆனாலும் பயாப்ஸி இல்லாமல் இந்த முடிவுக்குப் போகாதீர்கள். பி.ஜி. என்று பெயர் வைத்து ஸ்டீராய்டு கொடுத்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வேறு நோய் இருந்ததை 2002 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ரத்த உறைவுப் பிரச்சினை, சிரைப் புண், ரத்தக்குழாய் அழற்சி, புற்றுநோய், தொற்று, மருந்துப் புண் என்று எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன. இவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு நேரடியாகக் கெடுதல் செய்யும்.

பயாப்ஸியால் புண் சற்றுப் பெரிதாகலாம் என்பது உண்மைதான். ஆனால் அது ஒரு சிறு கீறலின் விலை. தவறான நோய்க்கு மாதக்கணக்கில் நோய் எதிர்ப்பை அடக்குவதன் விலை அதைவிடப் பல மடங்கு. எடுத்துவிடுங்கள்.

எப்படி எடுப்பது என்பதில்தான் பல பயாப்ஸிகள் வீணாகின்றன. புண்ணின் நடுவிலிருந்து எடுத்தால் "செத்த திசு, நியூட்ரோஃபில், கிரானுலேஷன்" என்று மட்டும் அறிக்கை வரும். எந்தப் புண்ணின் நடுவிலும் அதுதான் இருக்கும். மிகச் சுறுசுறுப்பாகப் பரவும் ஓரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓரத்துக்குக் குறுக்காக, புண்ணின் அடித்தளம் கொஞ்சம், ஊதா ஓரம் முழுக்க, வெளியே நல்ல தோல் கொஞ்சம் வருகிற மாதிரி நீள்வட்டமாக வெட்டுங்கள். ஆழம் கொழுப்பு அடுக்கு வரை போக வேண்டும். 3 மி.மீ. பஞ்ச் போதவே போதாது. நடுத்தர அளவு ரத்தக்குழாய்கள் கொழுப்பிலும் அதன் தடுப்புகளிலும்தான் இருக்கின்றன, அந்தச் சிறு பஞ்ச் அங்கே எட்டாது. வெட்ட இயலாவிட்டால் 6 மி.மீ. பஞ்சை ஓரத்தில் ஒன்று, புண்ணுக்குள் ஒன்று என்று எடுக்கலாம்.

வெட்டிய துண்டை நீளவாக்கில் பிரியுங்கள். ஒரு பாதி ஃபார்மலினில், நோய்க்குறியியலுக்கு. மறுபாதி ஃபார்மலின் படாமல், ஸ்டெரைல் சலைனில் நனைத்த காஸில் நுண்ணுயிரியலுக்கு. ஃபார்மலினில் விழுந்துவிட்டால் கல்ச்சருக்கு அது உதவாது. இது சொல்லத் தேவையில்லாத விஷயம் போலத் தோன்றும், ஆனால் மறுபடி பயாப்ஸி எடுக்க நேர்வதற்கு இதுவே அடிக்கடி காரணமாகிறது. கோரிக்கைச் சீட்டில் பாக்டீரியா, பூஞ்சை, மைக்கோபாக்டீரியா மூன்றையும் எழுதுங்கள். மைக்கோபாக்டீரியாவை 37 டிகிரியோடு சேர்த்து 30 டிகிரியிலும் வளர்க்கச் சொல்லிக் குறிப்பிடுங்கள். தோலைத் தாக்கும் மரினம், அல்சரன்ஸ், ஹீமோஃபிலம் போன்றவை குறைந்த வெப்பத்தில்தான் நன்றாக வளரும். ஹீமோஃபிலத்துக்கு ஊடகத்தில் இரும்பும் சேர்க்க வேண்டும். சொல்லாவிட்டால் ஆய்வகம் வழக்கமான முறையில் போட்டு "வளர்ச்சி இல்லை" என்று அனுப்பிவிடும்.

ரத்தக்குழாய் அழற்சி என்ற சந்தேகம் இருப்பதால், உடம்பில் வேறெங்காவது புதிதாக வந்த பர்ப்பூரா (தோலுக்குள் ரத்தம் கசிந்த) புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். 24 மணி நேரத்துக்குள் தோன்றியதாக இருந்தால் அதிலிருந்து தனியாக ஒரு துண்டு, மைக்கேல் திரவத்தில் இம்யூனோஃப்ளூரசன்ஸுக்கு (ஆன்டிபாடி படிவுகளை ஒளிரச் செய்து பார்க்கும் சோதனை). பழைய புள்ளியில் இம்யூனோகுளோபுலின் படிவுகள் கரைந்து போயிருக்கும்.

பி.ஜி.யைக் கண்டறிய நிபுணர்கள் வகுத்த 2018 டெல்ஃபி அளவுகோலின்படி பார்த்தால், ஓரத்துப் பயாப்ஸியில் நியூட்ரோஃபில் ஊடுருவல் என்ற முதன்மை அம்சத்தோடு, எட்டுத் துணை அம்சங்களில் குறைந்தது நான்கு வேண்டும். தொற்று இல்லை என்று உறுதி செய்தல், பேதர்ஜி, குடல் அழற்சி அல்லது அழற்சி மூட்டுவாதம், நான்கு நாளுக்குள் கொப்புளம் புண்ணாதல், சிவந்து குடைந்த வலியுள்ள ஓரம், பல புண்களில் ஒன்றாவது முன்னங்காலில் இருப்பது, சல்லடை போன்ற தழும்பு, நோயெதிர்ப்படக்கும் மருந்து தொடங்கிய ஒரு மாதத்துக்குள் சுருங்குதல். உங்கள் நோயாளிக்கு ஏற்கெனவே நான்கு சேர்ந்துவிட்டன. ஆனால் தொற்று விலக்கப்படவில்லை, திசுவும் பார்க்கப்படவில்லை.

ஒரு நுணுக்கம்: மைக்கோபாக்டீரியம் அல்சரன்ஸ் புண்ணிலும் ஓரம் இப்படியே குடைந்திருக்கும். ஆனால் அதில் பெரும்பாலும் வலி இருக்காது. உங்கள் நோயாளிக்குத் தூங்க முடியாத வலி என்பது அந்த வகையில் உதவுகிற தகவல்.

ஸ்வாபில் வந்த சூடோமோனாஸைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். ஐந்து மாதப் புண்ணில் ஏதாவது ஒன்று வளராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சுற்றிலும் பரவும் சூடான சிவப்பு, காய்ச்சல், திடீரென அதிகரிக்கும் கசிவு இவை இல்லாமல் ஸ்வாப் அறிக்கைக்கு மாத்திரை கொடுக்க வேண்டாம். இன்னொன்று, சிப்ரோஃப்ளாக்சசின் சிறுநீரகம் வழியாக மெத்தோட்ரெக்ஸேட் வெளியேறுவதைக் குறைக்கும். வாயில் புண் இருக்கிறதா, வெள்ளணுக்கள், தட்டணுக்கள் எப்படி என்று இன்றே பாருங்கள்.

பி.ஜி. உறுதியானால் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்றும் தேட வேண்டும். மூட்டுவாதம் இருக்கிறது என்பதால் நிறுத்திவிடக் கூடாது. சீரம் புரோட்டீன் எலக்ட்ரோஃபோரெசிஸ், இம்யூனோஃபிக்சேஷன் (ரத்தத்தில் அசாதாரணப் புரதத்தைத் தேடுபவை), ரத்தப் பூச்சு, வயிற்றுப்போக்கு அல்லது மலத்தில் ரத்தம் உண்டா என்ற விசாரணை. ஹீமோகுளோபின் 9.4 என்பதை முடக்குவாதத்தின் தலையில் மட்டும் போட வேண்டாம்.

---

பதில் 2: முல்லை (வாதநோய்ப் பிரிவு)

குறிஞ்சி சொன்னதோடு ஒத்துப்போகிறேன். எங்கள் பக்கத்துப் பட்டியலைச் சேர்க்கிறேன்.

முடக்குவாத ரத்தக்குழாய் அழற்சி பெரும்பாலும் பத்து வருடம் தாண்டிய, ஆர்.எஃப். மிக உயர்ந்த, தோலடி முடிச்சுகள் உள்ள நோயாளிக்கு வரும். மூட்டுகள் அப்போது பெரும்பாலும் அடங்கியிருக்கும். அந்தப் புண் பஞ்ச் வைத்து வெட்டினது போல ஆழமாக, செங்குத்தான ஓரத்தோடு இருக்கும். குடைவு அவ்வளவாக இருக்காது. புண்ணை மட்டும் பார்க்காதீர்கள். நகக்கண் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள், பாதம் அல்லது மணிக்கட்டு தொங்குதல், கண் வெள்ளைப்படலத்தில் வலியுள்ள சிவப்பு, காரணமில்லாத எடை இழப்பு இவற்றைத் தேடுங்கள். நரம்பு ஒன்று விழுந்திருந்தால் அது அவசரம். அப்போது மெத்தில்பிரெட்னிசோலோன் பல்ஸும், ரிடுக்சிமாப் அல்லது சைக்ளோஃபாஸ்ஃபமைடும் தேவைப்படும். புண் ஆறட்டும் என்று அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

ரத்தத்தில் சி3, சி4 (காம்ப்ளிமென்ட் புரதங்கள்), ஆன்கா (சிலவகை ரத்தக்குழாய் அழற்சியைக் காட்டும் ஆன்டிபாடி), சிறுநீர் நுண்ணோக்கி, ஆன்டிபாஸ்ஃபோலிப்பிட் பரிசோதனைகள், ஹெபடைட்டிஸ் பி, சி, கிரையோகுளோபுலின் (குளிரில் திரளும் ரத்தப் புரதம்). கடைசியானது பெரும்பாலும் பொய்யாக நெகட்டிவ் வரும். காரணம் ஆய்வகத்தில் இல்லை, எடுத்துப் போகும் வழியில் இருக்கிறது. முன்பே சூடேற்றிய குழாயில் எடுத்து, ரத்தம் உறைந்து சீரம் பிரியும் வரை 37 டிகிரியிலேயே வைத்திருக்க வேண்டும். அறை வெப்பத்தில் அரை மணி நேரம் கிடந்தால் கிரையோகுளோபுலின் உறைகட்டியோடு கீழே போய்விடும்.

வெள்ளணு வகைப் பிரிப்பையும் பாருங்கள். நியூட்ரோஃபில் 2,000க்குக் கீழே, மண்ணீரல் தட்டுப்படுகிறது என்றால் ஃபெல்ட்டி நோய்க்கூட்டு. அதிலும் காலில் ஆறாத புண் வரும், சிகிச்சை வேறு.

லெஃப்ளூனமைடு பற்றி யாரும் சொல்லவில்லை. புண் ஆறுவதை அது தாமதப்படுத்துகிறது, காலில் புண்ணை உண்டாக்குகிறது என்று அறிக்கைகள் உண்டு. மருந்தை நிறுத்தினால் மட்டும் போதாது. அதன் செயல்படும் பொருள் குடலுக்கும் கல்லீரலுக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருப்பதால் உடம்பை விட்டுப் போக மாதங்கள் ஆகும், சிலரிடம் இரண்டு வருடம் வரை. கோலஸ்டிரமின் 8 கிராம், தினம் மூன்று வேளை, 11 நாள் கொடுத்துக் கழுவி எடுக்கலாம். அந்த நாட்களில் மற்ற மாத்திரைகளை கோலஸ்டிரமினுக்கு ஒரு மணி நேரம் முன்போ, நான்கு முதல் ஆறு மணி நேரம் பின்போதான் கொடுக்க வேண்டும். இல்லையேல் அவற்றையும் அது குடலிலேயே பிடித்துக்கொள்ளும். இந்த நோயாளிக்கு நான் கழுவி எடுக்கவே சொல்வேன். அடுத்து வலுவான மருந்து ஒன்று சேர்க்கப் போகிறோம், மூன்று மருந்துகள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்பது நல்லதல்ல.

"ஆட்டோஇம்யூன் புண்" என்று ஒரே பெயரில் எழுதிவிடுவது எனக்கு ஒப்பில்லை. உதாரணத்துக்கு ஸ்கிளெரோடெர்மா (தோல் இறுகும் நோய்) விரல்நுனிப் புண். அங்கே பிரச்சினை ரத்த ஓட்டம். ஸ்டீராய்டைக் கூட்டினால் புண் ஆறாது, அதோடு சிறுநீரக நெருக்கடிக்கும் வழி திறக்கும். நிஃபெடிபின், சில்டெனாஃபில், கடுமையானால் ஐலோப்ரோஸ்ட் நிமிடத்துக்கு கிலோவுக்கு 0.5 முதல் 2 நானோகிராம், தினம் ஆறு மணி நேரம், மூன்று முதல் ஐந்து நாள். போசென்டான் புதிய புண் வருவதைக் குறைக்கும், இருக்கிற புண்ணை வேகமாக ஆற்றாது. அதைக் கொடுக்கும்போது மாதாமாதம் கல்லீரல் பரிசோதனை, கர்ப்பத் தடுப்பு கட்டாயம். சைக்ளோஸ்போரினோடு சேர்க்கவே கூடாது. அதே ஸ்கிளெரோடெர்மா நோயாளிக்கு முழங்கை மேல் புண் என்றால் அழுத்திப் பாருங்கள், சுண்ணாம்பு போல வெள்ளைக் கட்டி வெளியே வந்தால் கால்சினோசிஸ் (தோலடியில் கால்சியம் படிவது).

---

பதில் 3: நெய்தல் (புண் பராமரிப்புச் செவிலியர்)

"பாதத்தில் நாடி தெரிகிறது" என்பதை வைத்து ரத்த ஓட்டம் சரி என்று முடிவு செய்ய வேண்டாம் டாக்டர். ஏ.பி.பி.ஐ. (கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்த விகிதம்) எண்ணாக வேண்டும். நோயாளியைத் தட்டையாகப் படுக்க வைத்து பத்து நிமிடம் ஓய்வு. புண்ணை மெல்லிய சுத்தமான பிளாஸ்டிக் படலத்தால் மூடி அதன் மேல் பட்டையைச் சுற்றுங்கள். 8 மெகாஹெர்ட்ஸ் டாப்ளரால் இரண்டு கைகளிலும், பாதத்தின் மேல்புற நாடியிலும், உள்கணுக்காலுக்குப் பின்னால் உள்ள நாடியிலும் சிஸ்டாலிக் அளவு எடுங்கள். அந்தக் காலின் இரண்டில் அதிகமானதை, கைகளின் இரண்டில் அதிகமானதால் வகுங்கள். 0.8 முதல் 1.3 வரை இருந்தால் முழு அழுத்தக் கட்டுக்குத் தடையில்லை. 0.5க்குக் கீழே என்றால் கட்டே வேண்டாம், ரத்தக்குழாய் நிபுணர் உடனே பார்க்க வேண்டும். நடுவில் இருந்தால் அவர்கள் சொன்னபடி குறைந்த அழுத்தம். 1.3க்கு மேல் என்றால் தமனி சுண்ணாம்பாகி அமுங்க மறுக்கிறது என்று அர்த்தம். அந்த எண்ணை நம்பாமல் கால்விரல் அழுத்தம் எடுங்கள். வலியால் கணுக்காலில் பட்டை சுற்றவே விடவில்லை என்றாலும் விரல் அழுத்தம்தான் வழி.

முடக்குவாதக்காரர்களின் புண்ணில் சிரைப் பங்கு பல நேரம் கண்ணில் படாமல் போகிறது. கணுக்கால் மூட்டு இறுகிப்போனால் கெண்டைக்கால் தசை பம்ப் வேலை செய்யாது, நாள் முழுக்க காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். பி.ஜி. என்றே உறுதியானாலும் வீக்கம் இறங்காமல் புண் மூடாது. ஓரச் சிவப்பு அடங்கி வலி குறைந்ததும் முதலில் 20 மி.மீ. பாதரச அளவில் இலேசான அழுத்தம், தாங்கினால் 40 வரை. முன்னெலும்பின் கூர்மையான விளிம்பிலும், வளைந்த விரல் மூட்டுகளிலும் பஞ்சுச் சுருள் நன்றாக வையுங்கள், இல்லாவிட்டால் கட்டே புதுப் புண்ணை உண்டாக்கும். கை விரல்கள் வளைந்தவரால் அழுத்தக் காலுறையை இழுத்துப் போட முடியாது. ஒட்டுப் பட்டையால் சுற்றி மூடும் வகையைக் கொடுங்கள்.

டிரெஸ்ஸிங்: கத்தி, கத்தரி, கிள்ளி எடுப்பது எதுவும் வேண்டாம். மஞ்சள் படலம் தானாகக் கரைந்து வரட்டும். பழைய கட்டை வெதுவெதுப்பான சலைனில் பத்து நிமிடம் ஊறவைத்து எடுங்கள். ஒட்டிக்கொண்டதைப் பிய்ப்பதும் இந்த நோயில் காயம்தான். புண்ணின் மேல் சிலிகான் வலை, அதன் மேல் கசிவை உறிஞ்சும் நுரை. தோலில் டேப் ஒட்டாதீர்கள், குழாய்க் கட்டில் நிறுத்துங்கள். ஸ்டீராய்டால் மெலிந்த தோல் டேப்போடு உரிந்து வரும், அந்த இடத்தில் அடுத்த பி.ஜி. ஆரம்பிக்கும். சுற்றுத் தோலுக்கு பேரியர் ஃபிலிம் அல்லது துத்தநாகக் களிம்பு.

கட்டில் பச்சை நிறமும் அந்தப் புளித்த இனிப்பு வாடையும் இருந்தால், 0.5 முதல் 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த காஸைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுக்கலாம், இரண்டு வாரம் போதும். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம்.

கட்டு மாற்றுவதற்கு முன் லிடோகெயின்-பிரைலோகெயின் கிரீமை மொத்தமாக 10 கிராமுக்கு மிகாமல் தடவி, படலத்தால் மூடி, 30 முதல் 60 நிமிடம் விடுங்கள். வாராவாரம் அதே நிலையில் காலை வைத்து, நீளம், அதற்குச் செங்குத்தாக அகலம், அளவுகோலோடு ஒரு படம். குடைவின் ஆழத்தைக் கடிகார முள் நிலையில் எழுதுங்கள்: "3 மணி, 5 மி.மீ." என்று. புண்ணின் பரப்பு மாறுவதற்கு முன்பே இந்த எண் குறையும்.

அல்புமின் 2.9 கவனிக்க வேண்டியது. அழற்சியே அதைக் குறைக்கும் என்றாலும், கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் என்ற கணக்கில் இவருக்குத் தினம் 65 முதல் 78 கிராம் வேண்டும். கை வலியால் சரியாகச் சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள்.

---

மருதம் (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி செய்தோம். ஏ.பி.பி.ஐ. 1.02. பயாப்ஸி: தோலின் உள்ளடுக்கு முதல் கொழுப்பு வரை அடர்ந்த நியூட்ரோஃபில் ஊடுருவல், ஊடுருவலுக்கு வெளியே உள்ள குழாய்களில் அழற்சி இல்லை, ரத்த உறைவு இல்லை, கிரானுலோமா இல்லை, புற்று அணுக்கள் இல்லை. பி.ஏ.எஸ்., சில்வர், அமிலநிலைச் சாயங்கள் (பூஞ்சை, மைக்கோபாக்டீரியாவைக் காட்டுபவை) நெகட்டிவ். சி4, ஆன்கா இயல்பு. நரம்புப் பாதிப்பு இல்லை. வெள்ளணுக்கள், தட்டணுக்கள் சரி. லெஃப்ளூனமைடு நிறுத்தி கோலஸ்டிரமின் தொடங்கியாயிற்று.

மைக்கோபாக்டீரியா கல்ச்சர் முடிவுக்கு ஆறு முதல் எட்டு வாரம் என்கிறார்கள். அதுவரை காத்திருக்கவா? எந்த அளவில் தொடங்குவது? ஸ்டீராய்டோடு கோட்ரைமாக்சசோல் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன், சரியா? அறுவைப் பிரிவில் ஸ்கின் கிராஃப்ட் வைத்து மூடிவிடலாம் என்கிறார்கள்.

---

பதில் 4: குறிஞ்சி (தோல் மருத்துவம்)

கோட்ரைமாக்சசோல் யோசனையை முதலில் கைவிடுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டோடு அது சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை அப்படியே படுத்துவிடும். இரண்டுமே ஃபோலேட்டைத் தடுப்பவை, போதாததற்கு மெத்தோட்ரெக்ஸேட் வெளியேறுவதையும் அது குறைக்கும். நிமோசிஸ்டிஸ் (நுரையீரல் பூஞ்சைத் தொற்று) தடுப்பு வேண்டும் என்ற எண்ணம் சரி, பிரெட்னிசோலோன் 20 மி.கி.க்கு மேல் ஒரு மாதம் தாண்டப் போகிறது, கூடவே இன்னொரு மருந்தும் இருக்கிறது. அடோவாகுவோன் தினம் 1,500 மி.கி. கொடுங்கள். டாப்சோன் பி.ஜி.க்கும் வேலை செய்யும் என்பதால் ஆசையாக இருக்கும், ஆனால் ஹீமோகுளோபின் 9.4 இல் சிவப்பணு உடைவை வரவழைக்க வேண்டாம்.

கல்ச்சருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சாயங்கள் நெகட்டிவ், கிரானுலோமா இல்லை, மருத்துவப் படம் பொருந்துகிறது. ஆனால் கல்ச்சரை மறந்துவிடவும் கூடாது. அறிக்கை வரும் தேதியை இப்போதே கேஸ் ஷீட்டில் எழுதிவையுங்கள்.

தொடங்கும் முன்: ஹெபடைட்டிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜெனோடு கோர் ஆன்டிபாடியும், மார்பு எக்ஸ்ரே, ஐ.ஜி.ஆர்.ஏ. (காசநோய்த் தொற்றுக்கான ரத்தப் பரிசோதனை), சர்க்கரை, ரத்த அழுத்தம், கிரியாட்டினின். மண்வழிப் புழுத்தொற்று உள்ள பகுதியில் வாழ்ந்தவர் என்றால் ஸ்ட்ராங்கிலாய்டஸ் பரிசோதனையும். அதிக ஸ்டீராய்டில் அந்தப் புழு உடல் முழுக்கப் பரவினால் உயிருக்கே ஆபத்து.

பிரெட்னிசோலோன் கிலோவுக்கு 0.75 மி.கி.; 52 கிலோவுக்கு 39, ஆக 40 மி.கி. காலையில் ஒரே வேளை. இதற்கு மாற்று சைக்ளோஸ்போரின் கிலோவுக்கு 4 மி.கி., இவருக்கு 100 மி.கி. இரண்டு வேளை. 2015 இல் வந்த ஸ்டாப் கேப் ஆய்வில் இந்த இரண்டையும் இதே அளவில் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் இரண்டு பக்கமும் 47 சதவீதம்தான் முழுதாக ஆறியது. அதனால் எது சிறந்தது என்பதைவிட, எந்தப் பக்கவிளைவை இந்த நோயாளி தாங்குவார் என்பதே கேள்வி. ரத்த அழுத்தமும் கிரியாட்டினினும் நன்றாக இருந்தால் சைக்ளோஸ்போரின். வலி நிவாரணி மாத்திரைகளை நிறுத்திவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின், தொடக்க அளவைவிட 30 சதவீதம் கூடினால் அளவைக் குறையுங்கள். உங்கள் நோயாளிக்கு மெத்தோட்ரெக்ஸேட் ஏற்கெனவே ஓடுகிறது, வலியும் கடுமை. நான் பிரெட்னிசோலோனில் தொடங்குவேன். ஓரத்தில் குளோபெட்டசோல் 0.05 சதவீதக் களிம்பைத் தினம் ஒருமுறை மெல்லியதாகத் தடவலாம். கால்சியம், வைட்டமின் டி, எலும்பு மெலிவுக்கான மருந்து மூன்றையும் முதல் நாளிலேயே முடிவு செய்யுங்கள்.

முதலில் குறைவது வலி, சில நாட்களிலேயே. பிறகு ஊதா ஓரம் சாம்பல் நிறமாகித் தட்டையாகும், குடைவு ஒட்டும், ஓரத்திலிருந்து உள்நோக்கி நூல் போலப் புதுத்தோல் இழைகள் ஓடும். இவை வந்த பிறகுதான் இரண்டு வாரத்துக்கு 5 மி.கி. வீதம் குறையுங்கள். புண் சின்னதாகிவிட்டது என்று மட்டும் பார்த்து வேகமாக இறக்கினால் ஓரம் மறுபடி ஊதாவாகும்.

இரண்டு முதல் நான்கு வாரத்தில் வலிகூடக் குறையவில்லை என்றால், மருந்தைக் கூட்டுவதற்கு முன் நோயறிதலை மறுபடி சந்தேகியுங்கள். கல்ச்சரைக் கேளுங்கள், வேறு ஓரத்தில் இன்னொரு பயாப்ஸி. அதன் பிறகும் பி.ஜி.தான் என்றால் இன்ஃப்ளிக்சிமாப் கிலோவுக்கு 5 மி.கி., 0, 2, 6ஆம் வாரங்களில். முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தொடங்கும் 3 மி.கி. இங்கே போதாது. கடுமையான இதய செயலிழப்பு இருந்தால் கொடுக்கக் கூடாது. மூட்டுக்கும் சேர்த்து உதவும் என்பதால் இவருக்கு இதை முன்கூட்டியே யோசிக்கலாம்.

---

ஆம்பல் (மருத்துவம், பயிற்சி)

தலைப்புக்கு நெருக்கமான ஒரு கேள்வி. லூபஸ் உள்ள 34 வயதுப் பெண். இரண்டு கணுக்கால்களைச் சுற்றியும் அரை சென்டிமீட்டர் அளவில் வலிமிகுந்த புண்கள், ஆறிய இடத்தில் பீங்கான் போல வெள்ளைத் தழும்பு, அதைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள். வாஸ்குலைட்டிஸ் என்று 40 மி.கி. பிரெட்னிசோலோன் இரண்டு மாதம் கொடுத்தும் புதிது புதிதாக வருகிறது. அளவைக் கூட்டலாமா?

---

பதில் 5: முல்லை (வாதநோய்ப் பிரிவு)

கூட்ட வேண்டாம். நீங்கள் சொல்வது லிவிடாய்டு வாஸ்குலோபதியின் படம். அங்கே குழாய் அழற்சி இல்லை, நுண்குழாய்கள் உறைந்து அடைபடுகின்றன. அதனால்தான் ஸ்டீராய்டு எட்டவில்லை. புதிதாக வந்த சிறு புண்ணின் ஓரத்தில் ஆழமான பயாப்ஸி எடுங்கள். குழாய்ச் சுவரிலும் உள்ளேயும் ஃபைப்ரின் இருக்கும், நியூட்ரோஃபில் மிகக் குறைவாக இருக்கும். வெள்ளைத் தழும்பில் எடுத்தால் எதுவும் கிடைக்காது.

லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் என்ற மூன்று ஆன்டிபாஸ்ஃபோலிப்பிட் பரிசோதனைகளையும் ரத்தம் உறையாமைக்கான மருந்து தொடங்கும் முன்பே எடுங்கள். ரிவரோக்சபான் எடுத்தவரிடம் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதி செய்ய வேண்டும். மூன்றும் பாசிட்டிவ் என்றாலோ, தமனியில் உறைவு வந்திருந்தாலோ வார்ஃபரின், ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தின் அளவு) 2 முதல் 3. அவர்களுக்கு ரிவரோக்சபான் கொடுத்த 2018 ஆய்வை, வார்ஃபரின் பக்கத்தைவிட அந்தப் பக்கம் உறைவுகள் அதிகமானதால் இடையிலேயே நிறுத்த வேண்டி வந்தது. மூன்றும் நெகட்டிவ் என்றால் ரிவரோக்சபான் 10 மி.கி. இரண்டு வேளை வலியைக் குறைக்கிறது என்பதற்குச் சிறிய அளவில் ஆதாரம் உண்டு. வயது 34 என்பதால், வார்ஃபரினுக்கு முன் கர்ப்பத் திட்டத்தைக் கேட்டுவிடுங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் கிலோவுக்கு 5 மி.கி.க்கு மிகாமல் தொடரட்டும். பிரெட்னிசோலோனை லூபஸுக்குத் தேவையான அளவுக்கு மெதுவாக இறக்குங்கள்.

---

பதில் 6: குறிஞ்சி (தோல் மருத்துவம்)

மருதம் கேட்ட கிராஃப்ட் விஷயம் விட்டுப்போயிற்று. இப்போது வேண்டவே வேண்டாம். ஓரம் ஊதாவாக இருக்கும்போது வைத்தால் கிராஃப்ட் நிற்காது, அதைவிட மோசமாக, தோல் எடுத்த தொடையில் இன்னொரு பி.ஜி. திறக்கும். ஊதா முழுக்கப் போய், குடைவு ஒட்டி, வலி அடங்கி, அடித்தளம் சிவந்த கிரானுலேஷனாக இருக்கிறது, ஆனால் புண் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் நோயெதிர்ப்படக்கும் மருந்து ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அறுவைக்காக அதை நிறுத்தக் கூடாது. 6 × 4 செ.மீ. புண் பெரும்பாலும் கிராஃப்ட் இல்லாமலே மூடும், மாதங்கள் ஆகும் என்பதை மட்டும் நோயாளியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.